கண்ணாடிக் குடல்

சந்திரனில் ஒருவருக்கு வயிறு கெட்டால் அது அவருடைய சொந்த விஷயம் இல்லை, ஊர் விஷயம். இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீணாக வெளியே போவதில்லை. குடிப்பதும் கழிப்பதும் ஒரே குழாயில் சுற்றிச் சுற்றி, வடிகட்டி, காய்ச்சி, மறுபடி நம் தம்ளருக்கே வந்து சேரும். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பார்கள். நன்றாகத் தாகம் எடுத்த பிறகு பேசாமல் குடிப்பார்கள்.

எங்கள் குடியிருப்புக்கு நீளமாக ஒரு அரசாங்கப் பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. இருப்பவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், மேலே இருக்கிறது என்பதால் மேலூர் என்று வைத்துவிட்டார்கள். மதுரைக்குப் பக்கத்து மேலூரில் பிறந்த வெல்டர் ஒருவர் இங்கே இருக்கிறார், அவருக்கு மட்டும் இதில் ஏகப்பட்ட மனத்தாங்கல். இந்த மேலூரின் ஒரே டாக்டர் நான். பெயர் எஸ்தர், சொந்த ஊர் பாளையங்கோட்டை.

சங்கரேஸ்வரி எங்கள் நெல் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண். வாய் ஓயாமல் பேசுவாள், பேச்சுக்கு நடுவில் சிரிப்பாள். வயிற்றுப்போக்கு ஆரம்பித்து ஏழு மாதத்தில் அந்தச் சிரிப்பு பாதியாகிவிட்டது, உடம்பும்தான். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போகிறாள். சாப்பிட்டது எதுவும் ஒட்டுவதில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுத்தது. இரும்புச்சத்து அதலபாதாளத்தில் இருந்தது, புரதம் குறைவு, கால்சியம் குறைவு, ஈரலைக் காட்டும் எண் மட்டும் கொஞ்சம் ஏற்றம்.

"நம்ம பக்கத்துப் பொம்பளைகள்ல யாருக்கு டாக்டரம்மா ரத்தம் இருந்துச்சு?" என்றாள் சங்கரி. "எங்கம்மாவும் இப்படித்தான் வெளிறிப்போயி இருக்கும். அதுக்காக வேலையப் பாக்காமயா இருந்துச்சு?"

"வேலையப் பத்திப் பெறவு பேசலாம், கையக் குடு" என்று இன்னொரு குழாய் ரத்தம் எடுத்தேன்.

எங்கள் மருத்துவமனையில் நாடி என்று ஓர் இயந்திரம் இருக்கிறது. நோய் கண்டுபிடிப்பதில் என்னைவிடக் கெட்டி. இதுவரை மனிதர்கள் எழுதிவைத்த அத்தனை நோயும் அதற்கு மனப்பாடம். பேச்சு மட்டும் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும்.

"நோய்த்தொற்று இல்லை, மருத்துவரே" என்றது நாடி. "புழு இல்லை. அமீபா இல்லை. குடலில் காசநோய் இல்லை. தைராய்டு ஒழுங்காக இயங்குகிறது. கணையத்திலும் குறை காணவில்லை."

"கோதுமை?" என்று கேட்டேன்.

சிலர் குடலுக்குக் கோதுமை ஆகாது. ஆகாதவர்கள் அதைத் தின்னத் தின்ன அவர்கள் உடம்பே தன் குடலை எதிரி என்று நினைத்து அரித்துவிடும். அரித்த குடல் சத்தை உறிஞ்சாது. சங்கரியின் ரத்தம் அச்சு அசலாக அந்த நோயைப் போலவே இருந்தது.

"அதற்குரிய ரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்றே வந்திருக்கிறது. மேலும் மேலூரில் கோதுமையே இல்லை. ஆதலால் அந்தக் காரணத்தை நீக்கிவிட்டேன்."

அதுவும் உண்மைதான். பறக்கிற மாவு காற்றுக் குழாய்களை அடைக்கும், தீப்பிடிக்கவும் செய்யும் என்று ஊர் தொடங்கிய நாளிலேயே கோதுமை மாவுக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஒரு சப்பாத்திக்கு ஏங்கிக் கண் கலங்கிய பஞ்சாபி இன்ஜினியரை நானே தேற்றி அனுப்பியிருக்கிறேன்.

இப்படியே நாள் போனது. ஊர்ப் பொறுப்பாளர் அப்துல் லத்தீப் ஒரு நாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கீழக்கரைக்காரர், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கதவைச் சாத்தினாலே எனக்குப் பயம்.

"டாக்டர், என்கிட்ட இருநூறு பேர் இருக்காங்க. தண்ணி ஒண்ணுதான். காரணம் தெரியாத வயித்துப்போக்க நான் எத்தன நாளைக்கு வச்சிக்கிட்டிருக்க முடியும்?"

"தொத்து இல்லன்னுதான் சொல்லிட்டேன்லா?"

"எது இல்லன்னு சொன்னீங்க. எதுன்னு சொல்லலையே." குரலைத் தணித்துக்கொண்டார். "சட்டம் உங்களுக்கே தெரியும். அடுத்த கப்பல் வர்றதுக்குள்ள காரணம் தெரியலேன்னா அந்தப் பொண்ணக் கீழ அனுப்பித்தான் ஆகணும்."

உடம்புக்கு முடியாமல் பூமிக்கு இறங்கியவர்களை மறுபடி மேலே அனுப்புவதில்லை. அதுவும் சட்டம். மற்ற யாருக்கும் அது வெறும் வேலை மாற்றம். சங்கரிக்கு மட்டும் அப்படி இல்லை, ஏனென்றால் அவளுக்கு ராக்காயி இருந்தாள்.

ராக்காயி சந்திரனில் பிறந்த முதல் குழந்தை. ஒரே குழந்தையும் அவள்தான். அவள் பிறந்தபோது நிலா என்று பெயர் வைக்கச் சொல்லி எங்கெங்கிருந்தோ வாழ்த்து வந்தது. விருதுநகரில் இருக்கும் அப்பாவழித் தாத்தா வெயிலுமுத்து அசையவில்லை, குலசாமி பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நின்றார். ராக்காயி, ஊருக்கு ராக்கு. அடுத்து வந்த கப்பலில் அவள் பேரைச் சொல்லி நல்லெண்ணெயும் கருப்பட்டியும் வந்தன.

ஐந்து வயதாகியும் அவள் பார்க்க மூன்று வயசு மாதிரிதான் இருப்பாள். எலும்பெல்லாம் அப்பளம். இங்கே ஆறில் ஒரு பங்கு எடைதான் என்பதால் துள்ளித் திரிகிறாள், பூமியில் இறக்கிவிட்டால் நின்ற இடத்திலேயே கால் முறிந்துவிடும். சந்திரனில் வளர்கிற எலும்பு கெட்டிப்படாது என்று நாடி சொன்னது, கீழே இருந்த நிபுணர்கள் சொன்னார்கள், நானும் ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு இங்கே இனி பிரசவமே கூடாது என்று சட்டம் வந்தது. என் வீட்டுக்காரர் யாக்கோபும் நானும் அந்தச் சட்டத்தைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

ஆக, தாய் மேலே இருக்க முடியாது. மகள் கீழே போக முடியாது.

சங்கரியிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் என் மேசையில் இருந்த பஞ்சை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"என்னைய அனுப்பிச்சுட்டா புள்ள யாருகிட்ட இருக்கும்? அவுக பாதி நாளு ஐஸ் தோண்டப் போயிருவாக. நான் பக்கத்துல படுக்கலைன்னா அது தூங்காது டாக்டரம்மா. என் காதப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும்."

"அனுப்ப விடமாட்டேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே வழி, கண்ணாடிக் குடல். விரல் நீளக் கண்ணாடிக் குழாய் அது. நோயாளியின் குடலிலிருந்து எடுத்த நுண்ணிய துணுக்கை அதில் வளர்த்தால், இரண்டு மூன்று வாரத்தில் குழாயின் உட்புறம் முழுக்கப் பட்டு மாதிரி ஒரு மெல்லிய பரப்பு படியும். அவருடைய ரத்தத்தில் காவல் காக்கிற அணுக்களையும் அதற்குள் ஓடவிடுவோம். கிட்டத்தட்ட அவருடைய வயிறே வெளியே வந்து நம் மேசை மேல் உட்கார்ந்த மாதிரிதான். பிறகு அவர் சாப்பிடுவதையெல்லாம் கரைத்து அதற்கும் ஊட்ட வேண்டும். எது ஆகாதோ அது பட்டதும் பட்டு வாடிவிடும்.

பொதுச் சமையலறையிலிருந்து சங்கரியின் தட்டுக்குப் போன எல்லாவற்றிலும் ஒரு கரண்டி கேட்டு வாங்கினேன். சோறு, குதிரைவாலி, சோயாப் பால், கீரை, காளான், தொட்டியில் வளர்க்கிற ஜிலேபி மீன். எல்லாவற்றையும் கண்ணாடிக் குடல் ஆசையாக வாங்கிக்கொண்டது. வாடவே இல்லை. நாளுக்கு நாள் கொழுகொழுவென்று ஆனது. அவள் இளைக்க இளைக்க அது செழித்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

"உணவில் காரணம் இல்லை" என்று முடித்தது நாடி. "நோயாளி எதையோ மறைக்கிறார் என்னும் சாத்தியத்தை ஆராய்தல் நன்று."

நாடி என் அறைக்குள் சொன்னதை ஊர் அதற்கு முன்பே வெளியே சொல்ல ஆரம்பித்திருந்தது. பேதி மாத்திரை போட்டுக்கொள்கிறாள் என்று ஒரு பேச்சு. ஊருக்குத் திரும்பிப் போக நடிக்கிறாள் என்று இன்னொரு பேச்சு. சாப்பாட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகின. ராக்குவின் தம்ளரை யாரோ தனியாக எடுத்து வைத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று நான் நாடியின் திரை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். அதற்குக் கோபம் வராது, எனக்கு வரும்.

"சங்கரி, மறைக்காம சொல்லு. கூடத்துல குடுக்கிறதத் தவிர வேற என்னமும் திங்கியா?"

"புள்ள மேல சத்தியமா இல்ல டாக்டரம்மா."

அவள் பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரே குடல், ஒரே சாப்பாடு. ஒன்று கண்ணாடிக்குள் சுகமாக இருக்கிறது, இன்னொன்று அவளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறது. நடுவில் என்ன இருக்கிறது என்றுதான் பிடிபடவில்லை.

கப்பல் வந்து நின்றது. சரக்கு இறக்க ஒரு வாரம் ஆகும், அப்புறம் கிளம்பிவிடும். லத்தீப் சங்கரியை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்.

அவள் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறோம் என்ற யோசனையே இல்லாமல்தான் போனேன். உள்ளே அவள் வீட்டுக்காரன் முனீஸ்வரன் தரையில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். பாறை உடைக்கிற விரல்கள், ஒவ்வொரு காலிலும் முடி வழுக்கிக்கொண்டு ஓடியது. சங்கரி எதிரில் நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு காலாப் பிரிங்க. இறுக்கிப் பிடிக்காதீக, அதுக்கு வலிக்கும்."

"அப்பாவுக்கு வரலம்மா" என்றாள் ராக்கு. "நீயே பின்னிவிடு."

"நாளைக்கு நானு…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். முனீஸ் தலையைத் தூக்கவே இல்லை, பின்னிக்கொண்டே இருந்தான்.

காலையிலிருந்தே எனக்கு வயிறு கடமுடா என்று இருந்தது. கவலை வந்தால் எனக்கு வயிற்றில்தான் இறங்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்ததைச் சங்கரி பார்த்துவிட்டாள். இந்த நிலைமையிலும் அடுத்தவர் வயிறுதான் அவள் கண்ணில் படுகிறது.

"என்ன டாக்டரம்மா, வயிறு சரியில்லையா? இருங்க, ஒரு வாய் மோரு கலக்கித் தாரேன். கேட்டுரும்."

அலமாரிக்குள் ஒரு பை, பைக்குள் ஒரு டப்பா, டப்பாவுக்குள் இன்னொரு சின்ன டப்பா. மூடியைத் திறந்ததும் அறை முழுக்க வாசனை. பெருங்காயம்! பொதுச் சமையலறையில் அதை விடுவதில்லை. ஓர் இடத்தில் தாளித்தால் காற்றுக் குழாய் வழியாக ஊர் முழுக்க நாறும் என்று மற்ற நாட்டுக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது நாற்றமாகப் படவில்லை. என் அம்மாவின் அடுப்படி கண்முன் வந்தது. ஒரு தேக்கரண்டி அள்ளிப் போட்டு, உப்பும் கறிவேப்பிலையும் சேர்த்து ஆற்றிக் கொடுத்தாள். வாங்கிக் கடகடவென்று பாதித் தம்ளரைக் குடித்தேன். அமிர்தமாக இருந்தது.

மீதிப் பாதி கையிலேயே நின்றுவிட்டது.

"சங்கரி, இத நீ எப்பக் குடிப்ப?"

"எப்பவும்தான். காலையில, மத்தியானம், படுக்குறப்ப. வயிறு ரொம்பப் படுத்துச்சுன்னா நடுவுல ரெண்டு தடவ."

"என்னெல்லாம் சாப்பிடுதன்னு எத்தன தடவ கேட்டேன்? இதச் சொல்லவே இல்லையே நீ?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "சாப்பிடுறதத்தான கேட்டீக? இது சாப்பாடா? வயித்துக்குக் குடிக்கிறதுல்ல."

அவள் மீது கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அவள் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. நானும் பாளையங்கோட்டைக்காரிதான். என்னிடம் யாராவது காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் இட்லியைச் சொல்வேன், மோரைச் சொல்லமாட்டேன். மோரில் போட்ட பெருங்காயத்தைக் கனவிலும் சொல்லமாட்டேன்.

"இந்த டப்பா எங்கேருந்து வருது?"

"எங்கய்யா அனுப்புறாரு" என்றான் முனீஸ் முந்திக்கொண்டு. "கப்பலுக்குக் கப்பல் ஒரு டப்பா. மருந்துன்னு எழுதிப் போட்டுருவாரு, அதனால ஒருத்தரும் திறந்து பாக்க மாட்டாக. இவளுக்கு வயிறு சரியில்லன்னு சொன்னதுலருந்து ரெண்டு டப்பாவா அனுப்புறாரு."

டப்பாவையும் மீதி மோரையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். "நான் சொல்லுத வரைக்கும் ஒரு சொட்டுக் குடிக்கக் கூடாது. ஆளே செத்தாலும் குடிக்கக் கூடாது."

"மோரையா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் நடையில் பாதி தூரம் போயிருந்தேன். சந்திரனில் ஓடக் கூடாது, தலை கூரையில் இடிக்கும். அன்று இரண்டு தடவை இடித்தது.

மோரைக் கண்ணாடிக் குடலுக்கு ஊட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் உருப்பெருக்கியில் பார்த்தபோது, அத்தனை நாள் செழிப்பாக இருந்த பட்டு நைந்து, வழுக்கையாகிக் கிடந்தது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். ஒரு குடல் சாவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட டாக்டர் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

சோயாத் தயிரும் உப்பும் கறிவேப்பிலையும் கண்ணாடிக் குடல் ஏற்கெனவே தின்று செரித்தவை. மிச்சம் அந்த டப்பாதான். நாடியின் மேலிருந்த துண்டை எடுத்துவிட்டு, அதனிடம் ஒரு சிட்டிகை கொடுத்தேன்.

"மருத்துவரே, இது கோதுமை மாவு" என்றது நாடி. "இதில் சிறிதளவு பெருங்காயமும் இருக்கிறது."

லத்தீபைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"பெருங்காயத்துல எப்படி டாக்டர் கோதுமை வரும்?"

"பெருங்காயம்ங்கிறது செடியில வடியுத பிசின். அப்படியே போட்டா காரம் தாங்காது, கையிலயும் ஒட்டும். அதனால மாவு கலந்துதான் கடைக்கு வரும். சில இடத்துல அரிசி மாவு, சில இடத்துல கோதுமை, மைதா. நம்ம யாரு அந்த டப்பாவத் திருப்பிப் பாத்திருக்கோம்?"

"சரி, ரத்தத்துல அந்த நோய் இல்லன்னு வந்துச்சே?"

"நாடி தேடுறது அந்த நோய்க்காக உடம்பு சுரக்கிற ஒரு பொருள. சில பேருக்கு அந்த வகைப் பொருளே பிறவியில ஊறாது. சங்கரிக்கு ஊறாதுன்னு இப்பத்தான் பாத்தேன். குருடங்கிட்டப் போயி, யாரும் வந்தாகளான்னு கேட்ட மாதிரி ஆயிப்போச்சு. இல்லன்னுதான் சொல்லுவான்."

லத்தீப் தாடியைத் தடவிக்கொண்டார். "அப்ப அந்தப் பொண்ணு, வயிறு கெட்டா இதக் குடிச்சிருக்கா. குடிக்கக் குடிக்க வயிறு கெட்டிருக்கு."

"கெடக் கெட இன்னும் குடிச்சிருக்கா. முதல்ல வந்தது ஏதோ சாதாரண வயித்து வலியா இருந்திருக்கும். அதுக்கு முந்தி மோருல ஒரு சிட்டிகைதான். ஏழு மாசமாத்தான் இந்தத் தேக்கரண்டிக் கணக்கு."

"என் வீட்லயும் வயிறு சரியில்லன்னா இதத்தான் டாக்டர் குடுப்பாங்க." எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "காரணம் தெரியாதவங்களத்தான் அனுப்பச் சொல்லுது சட்டம். காரணம் தெரிஞ்சுபோச்சு. அந்த சீட்டுல வேற எதையாவது ஏத்திக்கிறேன்."

கப்பல் சங்கரி இல்லாமலே கிளம்பியது. மோரை நிறுத்திய மூன்றாவது வாரமே அவளுக்கு வயிறு கட்டிவிட்டது. இரண்டு மாதத்தில் கன்னத்தில் சதை வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் அவளைச் சுற்றி மறுபடி நாற்காலிகள் நிரம்பின. உட்கார்ந்தவர்களில் மாத்திரைக் கதையைக் கட்டிவிட்டவர்களும் இருந்தார்கள். அவள் அவர்களிடமும் சிரித்துப் பேசினாள். நானாக இருந்தால் பேசியிருக்கமாட்டேன்.

அடுத்த கப்பலுக்கு முன் மாமனாரிடம் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் மறுபடி இரண்டு டப்பா வந்து இறங்கும். சங்கரிக்கு அதுதான் பெரிய பாரமாக இருந்தது.

"அவுக அனுப்புனதாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா மனுசன் சோறு திங்க மாட்டாக. மாமியா போனதுலருந்து எனக்குச் சாமான் கட்டி அனுப்புறதுதான் அவுகளுக்கு ஒரே வேல."

நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றாள். மருத்துவமனைத் திரையில்தான் பேசினோம், நானும் பக்கத்தில் இருந்தேன். வெயிலுமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்து பேசத் தெரியாது, நின்றுகொண்டுதான் பேசுவார். நாம் ஒன்று சொன்னால் பதில் வர மூன்று விநாடி ஆகும். அந்த மூன்று விநாடியும் அவர் முகம் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"மாமா, வயிறு நல்லாயிருச்சு" என்றாள் சங்கரி. "எனக்குக் கோதும ஆகாதாம். என்ன காரணம்னு யாராலயும் சொல்ல முடியல மாமா. கடைசியில நீங்க அனுப்புன பெருங்காயந்தான் காட்டிக்குடுத்துச்சு. அதுல கோதும மாவு கலந்திருந்துச்சாம். அத வச்சுத்தான் கண்டுபிடிச்சாக. அது மட்டும் வரலைன்னா என்னைய இந்நேரம் கீழ அனுப்பியிருப்பாக."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று விநாடி போனது. இன்னும் கொஞ்ச நேரமும் போனது. அவர் ஏமாறுகிற ஆள் இல்லை. முப்பது வருசம் டிக்கெட் வாங்காதவர்களின் முகத்தைப் படித்தவர்.

"மாவா கலக்குறானுக?" என்றார் மெதுவாக. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, ராக்குக்கும் அதத்தான குடுக்கச் சொன்னேன்? கைப்புள்ளையா இருக்கும்போதுலருந்து, வயிறு உப்புசமா இருக்குன்னு தண்ணியில கரைச்சு… அதுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ராக்குக்கு ஒண்ணும் இல்லய்யா" என்றேன் நான் உடனே. "அவளுக்கு வயித்துப்போக்கெல்லாம் கிடையாது. சிக்கல்தான், நாலு நாளைக்கு ஒருதரம்…"

பேசிக்கொண்டே வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். உப்பிய வயிறு. மலச்சிக்கல். ஐந்து வயசில் மூன்று வயசு உடம்பு. அப்பள எலும்பு. பெரியவர்களுக்குப் போக்காக வருகிற நோய் சில பிள்ளைகளுக்கு இப்படித்தான் வரும். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பை உறிஞ்ச வேண்டியது குடல். அந்தக் குடலே அரித்துப்போயிருந்தால் எலும்பு எதை வைத்துக் கெட்டிப்படும்?

இது தாய் வழி, தகப்பன் வழி வருகிற நோய் என்று மருத்துவக் கல்லூரி முதல் வருசப் பையனுக்குக்கூடத் தெரியும். சந்திரன் என்று ஒரு பெரிய காரணம் கண்முன் நின்றதால் ஐந்து வருசமாக யாரும் அதற்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை.

ராக்குவைப் பிடித்து ரத்தம் எடுத்தேன். தாயின் ரத்தத்தில் இல்லாத அந்தப் பொருள் மகளின் ரத்தத்தில் தாராளமாக ஊறியிருந்தது. பரிசோதனையின் எண் மேல்மட்டத்தையும் தாண்டிப் போய் நின்றது.

"நான் தவறு செய்துவிட்டேன், மருத்துவரே" என்றது நாடி. அதன் குரலில் வருத்தம் இருந்ததா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா, தெரியாது. "ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் வேறு குழந்தை இல்லை."

"எனக்கும் இல்ல" என்றேன்.

லத்தீபிடம் காகிதத்தை நீட்டியபோது அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். "அந்த ஒரு பிள்ளைய வச்சுத்தானே டாக்டர் இந்த ஊருக்கே சட்டம் போட்டோம்?" என்றார். கீழே இருக்கும் மேலதிகாரிகளைக் கூப்பிட எழுந்து போனார்.

சந்திரனுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கொஞ்சம் உண்டு. ஆனால் அந்தக் கொஞ்சத்தைச் சமாளிக்கலாம். கோதுமை வாடையே படாத சாப்பாடு, கால்சியம், வெயில் விளக்கு, உடம்போடு ஒட்டிக் கனக்கிற ஒரு சட்டை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள ராக்கு முதல் மாதம் படுத்திய பாட்டைக் கதையாகவே எழுதலாம். இரண்டு வருசத்தில் அவள் ஒரு சாண் வளர்ந்தாள். அப்பளமாக இருந்த எலும்பு அவள் வயசுப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய அளவுக்கு வந்தது. பிரசவச் சட்டம் அதற்கு முன்பே சத்தமில்லாமல் காணாமல்போயிருந்தது.

வெயிலுமுத்து சும்மா இருக்கவில்லை. எங்கெங்கோ அலைந்து மாவு கலக்காத பெருங்காயப் பிசின் வாங்கி, புது உரலில் பச்சரிசியோடு தானே இடித்து, அடுத்த கப்பலில் டப்பா அனுப்பிவிட்டார். இந்தத் தடவை மூடி மேல் அவரே எழுதியிருந்தார்: "சாப்பாட்டுச் சாமான். சோதித்துவிட்டுக் கொடுக்கவும்." முதலில், புதிதாக வளர்த்த இன்னொரு கண்ணாடிக் குடலுக்குத்தான் கொடுத்தேன். அது வாடவில்லை. பிறகுதான் சங்கரி மோர் ஆற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கீழே வைக்க மனமில்லாமல் தம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

போன மாதக் கப்பலில் சங்கரியும் முனீசும் ராக்குவும் பூமிக்குப் போயிருக்கிறார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களாகப் போகவில்லை, விடுமுறைக்குப் போயிருக்கிறார்கள், திரும்பி வருவார்கள். சங்கரி திரும்பி வந்தே ஆக வேண்டும். மேலூரில் அடுத்த பிரசவத்துக்கு நாள் நெருங்குகிறது, எனக்குத் துணைக்கு அவள்தான் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நாடி இருந்தாலும் இந்த முறை படுத்திருக்கப் போகிறவர் டாக்டர் என்பதால், யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். யாக்கோபை நம்ப முடியாது, இப்போதே ரத்தத்தைப் பார்த்தால் மயங்குகிறார்.

நேற்று விருதுநகரிலிருந்து கூப்பிட்டார்கள். வெயிலுமுத்துவின் வீட்டு முற்றம், பின்னால் நல்ல வெயில். நிற்க மட்டுமே தெரிந்த மனுசன் அன்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் ராக்கு. இரண்டு கையாலும் தாத்தாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. முனீஸ் பின்னிவிட்ட சடை கோணலாகத் தொங்கியது.

"எப்படிட்டி இருக்கு உங்க தாத்தா ஊரு?" என்று கேட்டேன்.

மூன்று விநாடி.

"ரொம்பக் கனமா இருக்கு டாக்டரம்மா."

"எது கனமா இருக்கு?"

அவள் தாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். தோளிலிருந்து ஒரு கையை எடுத்தாள், பிறகு இன்னொரு கையையும் எடுத்தாள். யாரையும் பிடிக்காமல் பூமியின் மேல் நின்றுகொண்டு, என்னைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னாள்.

"நான்தான்."